கடைக்கு வெளியேயும் வாழ்க்கை உண்டு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, வணக்கம். வாழ்க்கைக்குப் பொருள் தருவது ஓயாத உழைப்பும் முன்னேற்றமுமா, அதற்கு அப்பாலுள்ள ஈடுபாடா என்பது இன்றைய தலைப்பு. ஈடுபாடே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நம் செட்டிநாட்டு வீடுகளைக் காட்டினார். பர்மாத் தேக்குத் தூண்கள் உழைக்காமலா வந்தன என்று கேட்டார். உண்மைதான். வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்குக் கப்பலேறி, உதவியாளான அடுத்தாளாகி, கடையை நடத்தும் மேலாளாக உயர்ந்தவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவர்களுடைய கணக்கில் மகமை என்று ஒரு பங்கு இருந்ததே, அதை ஏன் சொல்லாமல் விட்டார்? லாபத்தில் கோயிலுக்கும் தருமத்துக்கும் என்று முதலிலேயே எடுத்து வைத்த பங்கு அது. சம்பாத்தியம் எதற்கு என்பது கடை நடக்கும்போதே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது சேர்த்ததை அங்கேயே விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் இங்கே எத்தனை! தொழில் ஒன்றே வாழ்க்கை என்று இருந்திருந்தால் அவர்கள் எதைப் பற்றிக்கொண்டு எழுந்திருப்பார்கள்?

அடுத்து, தொழிலில் சம்பாதித்துக் கல்விக்கு வாரிக் கொடுத்த வள்ளல் அழகப்பச் செட்டியாரைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அவர். சம்பாதித்ததால்தானே கொடுத்தார் என்பார்கள். சரி, அவரைப் போலவே சம்பாதித்தவர்கள் பலர் இருந்தார்களே, ஊர் ஏன் அவரை மட்டும் வள்ளல் என்கிறது?

பணமே இல்லாதவன் என்ன செய்வான் என்பது நியாயமான கேள்வி. அதற்குத்தான் கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சொல்ல வேண்டும். அவர் தொழில் விளம்பரப் பலகை எழுதுவது. பிழைப்புக்கு அது போதும். ஆனால் மனம் பழைய புத்தகங்களில் இருந்தது. புத்தகம் மட்டுமா, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் தேடிச் சேர்த்தார். கரையானும் ஈரமும் தின்றுவிடாமல் தன் வீட்டில் வைத்துக் காத்தார். அவர் 1992-ல் மறைந்தபோது சுமார் ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் பிறவும் சேர்ந்திருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் இருக்கிறது. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்கிறவர்கள் அந்தப் படியேறாமல் இருக்க முடியாது. அவரை யாரும் வேலை வாங்கவில்லை. பதவி உயர்வும் காத்திருக்கவில்லை. எனக்கு அவரை நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது.

இதெல்லாம் ஓய்வுபெற்ற பிறகு பார்க்கலாம் என்றார் எதிரணியில் ஒரு தம்பி. தம்பி, முத்தையா ஓய்வுக்குக் காத்திருந்தால் அந்தக் காகிதங்கள் காத்திருக்குமா? கம்பன் அடிப்பொடி சா. கணேசன் இதே காரைக்குடியில் 1939-ல் கம்பராமாயணத்தைப் பரப்பக் கம்பன் கழகத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டித்தான் இருந்தது. நாம் இப்படி மேடை போட்டு வாதாடும் பழக்கத்தை வளர்த்ததில் அந்தக் கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நாற்பது வயதுவரை ஒன்றிலும் மனம் வைக்காமல் ஓடியவருக்கு அறுபதில் மட்டும் அது எங்கிருந்து வரும்? வேலையைவிட்ட மறுவாரமே முகப்பில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துத் தவிக்கும் அண்ணன்மார்களை இந்த ஊரில் நான் பார்க்கிறேன். உழைப்பில் அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை.

நடுவர் அவர்களே, எதிரணியின் அடுத்த பேச்சாளர் இப்போது வருவார். ரோஜா முத்தையா தன் கடையை மட்டும் பெரிதாக்கியிருந்தால் தமிழுக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்பதற்கு அவர் முதலில் பதில் சொல்லட்டும். அதைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு வழங்குங்கள்.