ஸ்கேனில் கட்டி அப்படியே இருக்கிறது, இன்டர்ஃபெரான் ஊசி வேலை செய்கிறதா?

எல்லாருக்கும் வணக்கம். என் கையில் இருக்கிற இந்த பிளாஸ்டிக் கேனைப் பாருங்கள். 24 மணி நேரமும் கழிக்கிற சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் இதில்தான் பிடித்து லேபுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், அன்னாசி, தக்காளி எதுவும் தொடக்கூடாது. இதில் அளப்பது செரோட்டோனின் என்ற ஹார்மோனின் கழிவை. அவற்றிலும் செரோட்டோனின் இருப்பதால் கணக்கு கெட்டுவிடும்.

கார்சினாய்டு கட்டி உள்ளவர்களுக்கு இந்தக் கேன் நன்றாகப் பழக்கம். அது ஹார்மோன் சுரக்கிற கட்டி. பெரும்பாலும் குடலில் வரும், மெதுவாக வளரும். கல்லீரலுக்குப் பரவிவிட்டால், அது சுரக்கும் செரோட்டோனின் போன்றவை நேராக ரத்தத்தில் கலக்கும். முகம் திடீரென்று சிவந்து கொதிக்கும், வயிற்றுப்போக்கு நிற்காது.

1983இல் ஸ்வீடனின் உப்சாலாவில் ஷெல் ஓபெர்க் என்ற மருத்துவரின் குழு, இவர்களுக்கு இன்டர்ஃபெரான் கொடுத்துப் பார்த்தது. தொல்லைகள் குறைந்தன, சிறுநீரில் அந்தக் கழிவின் அளவும் இறங்கியது. ஆனால் இன்டர்ஃபெரான் 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் வைரஸைத் தடுக்கும் பொருளாகக் கண்டுபிடித்தது. அதற்குக் கட்டியில் என்ன வேலை?

அது விஷம் இல்லை, ஒரு தகவல். செல்லின் மேல் அதை வாங்கிக்கொள்ள ஏற்பி என்ற புரதம் உண்டு, இரண்டு பகுதிகளாக. இன்டர்ஃபெரான் வந்து இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். உடனே உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஜாக்-1, டிக்-2 என்ற நொதிகள் விழித்துக்கொண்டு, ஸ்டாட்-1, ஸ்டாட்-2 என்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும். அவை ஜோடி சேர்ந்து, ஐஆர்எஃப்-9 என்ற இன்னொரு புரதத்தையும் கூட்டிக்கொண்டு உட்கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கும். இதை நான் படிக்கும்போது, பாஸ்பேட் ஏறிய புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் என்ற சோதனையில் பார்த்திருக்கிறேன். மருந்து சேர்க்காத செல் வரிசை காலியாக இருக்கும். சேர்த்து அரை மணி நேரமான வரிசையில் கருகருவென்று ஒரு பட்டை! வாசலில் தட்டியது கொல்லைப்புறம் வரை கேட்டுவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சரி, அந்த மரபணுக்கள் என்ன செய்கின்றன? பி21, பி27 போன்ற புரதங்கள் கூடும். செல் பிரிவதற்கு அவைதான் பிரேக். கட்டிக்குப் புது ரத்தக்குழாய்களை வரவழைக்கும் விஈஜிஎஃப் என்ற புரதம் குறையும். செல்லின் மேல் அடையாளப் புரதங்கள் கூடுவதால் நோய் எதிர்ப்பு வேலை செய்யும் டி-செல்கள் அதைக் கண்டுகொள்ளும். மொத்தத்தில் கட்டியைக் கொல்வதைவிட நிறுத்தி வைப்பதுதான் அதிகம். அதனால்தான் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஹார்மோன் அளவு இறங்கினாலும், கட்டி சுருங்குவது பத்தில் ஒருவருக்குத்தான். ஸ்கேனில் மாற்றம் இல்லை என்று குடும்பமே இடிந்து உட்கார்ந்துவிடுகிறது. வளராமல் நிற்கிறதே, அதுவும் மருந்தின் வேலைதான் என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எல்லாக் கட்டியும் ஒரே மாதிரி கேட்பதில்லை. சிலவற்றில் செல்லே சாக்ஸ்-1 என்ற புரதத்தைச் செய்து இந்தச் சமிக்ஞையை அணைத்துவிடும். ஊசியில் பெரும்பாலும் வருவது இன்டர்ஃபெரானின் ஆல்ஃபா வகை. பீட்டா வகை அதே ஏற்பியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். ஆய்வகத்தில் வளர்த்த கணையக் கட்டி செல்களில் ஆல்ஃபாவைவிட அதுதான் வலுவாக வேலை செய்தது. காமா வகைக்கு ஏற்பியே வேறு.

இந்தத் தகவல் கட்டிக்கு மட்டும் போவதில்லை, உடம்பு முழுக்கக் கேட்கும். அதனால்தான் ஃப்ளூ வந்தது போல காய்ச்சல், உடம்பு வலி, தீராத அசதி. இன்று ஹார்மோன் சுரப்பை அடக்கும் ஆக்ட்ரியோடைடு, லான்ரியோடைடு ஊசிகள்தான் முதலில் வருகின்றன, இன்டர்ஃபெரான் கொடுப்பது அரிது. உங்கள் வீட்டில் யாராவது போட்டுக்கொண்டால், ராத்திரி தூங்கப்போகும் நேரத்தில் ஊசி போட்டு, கூடவே பாராசிட்டமால் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல் நேரம் தூக்கத்திலேயே கழிந்துவிடும். தைராய்டையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். அப்புறம், அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், நோயின் கவலை என்று விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வு இந்த மருந்தாலேயே வரும். அன்றைக்கே டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்கள்.