ரிப்போர்ட் நார்மல், ஆனால் வலிக்கிறதே!

எல்லாருக்கும் வணக்கம். மகளிர் தினக் கூட்டம் என்றால் சாதனைப் பெண்களைப் பற்றித்தான் பேசுவார்கள். காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே பாடுபடுகிற பெண்களைப் பற்றிப் பேசப்போகிறேன், கூப்பிட்டவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிற பெண்களில் சிலர் தடித்த ஃபைலோடு வருவார்கள், எக்ஸ்ரே, தைராய்டு, எம்.ஆர்.ஐ. என்று எல்லாம் இருக்கும், எல்லாமே நார்மல். "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு மேடம், தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரியே இல்ல" என்பார்கள். ஈரப் போர்வையைப் பிழிய முடியாது, நாலு தோசை திருப்பினால் தோள்பட்டை வரை இழுக்கும். கூட வந்தவர் ஃபைலை நீட்டும்போதே "ஒண்ணுமில்லன்னுட்டாங்க, எல்லாம் டென்ஷன்தான்" என்று தீர்ப்பையும் சேர்த்தே நீட்டுவார்.

இவர்களில் பலருக்கு இருப்பது ஃபைப்ரோமயால்ஜியா, உடம்பு முழுக்க வலியும் அசதியும் நீடிக்கிற நோய். ஆண்களுக்கும் வரும், பெண்களுக்கு அதிகம். இதில் தசையிலோ மூட்டிலோ படம்பிடித்துக் காட்டும்படி சேதம் இருக்காது. வலியைக் கையாளும் மூளையும் தண்டுவடமும் மிகையாக வேலை செய்வதால் லேசான அழுத்தம்கூட வலிக்கும். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், இ.எஸ்.ஆர். என்கிற ரத்தப் பரிசோதனை அழற்சியைக் காட்டும், இதைக் காட்ட ஒரு ரத்தப் பரிசோதனையும் கிடையாது. 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11 இடத்திலாவது வலிக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. 2010இல் அந்த அழுத்துகிற வேலையை விட்டுவிட்டு, எங்கெங்கே வலிக்கிறது, தூக்கம் எப்படி, அசதி எப்படி, மறதி இருக்கிறதா என்று கேட்டே முடிவுசெய்யும் முறைக்கு வந்தார்கள். ஆக, அவள் வாயால் சொல்வதுதான் இங்கே பரிசோதனை. வீட்டில் நாம் காதில் வாங்காததும் அதைத்தான்.

அப்புறம் இந்தக் கல்யாண வீட்டு சாட்சி. நாத்தனார் கல்யாணத்தில் பட்டுப்புடவை கட்டி, பந்தியில் நின்று, சிரித்துப் பேசியிருப்பாள். மறுநாள் எழ முடியாது. "நேத்தெல்லாம் நல்லாத்தானே இருந்தே, சமையல்னதும் வலி வந்துடுச்சா?" ஒரு நாள் இழுத்துப்போட்டுச் செய்தால் அடுத்த ஓரிரண்டு நாள் வலி ஏறுவது இந்த நோயின் குணம். ஊர் பார்ப்பது அந்த ஒரு நாளை மட்டும்.

"நாங்கல்லாம் ஆட்டுக்கல்லுல மாவாட்டினவங்க" என்று சொல்லும் மாமியாரைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே ராத்தூக்கம் போய்ப் பல வருஷமாச்சு என்பார். அவர் சொன்னதையும் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, எனக்கு அவர்மேல் கோபமே வருவதில்லை.

இன்னொன்று. டாக்டர் டுலாக்செடின் எழுதியிருப்பார். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரை என்று கடையில் யாராவது சொல்லிவிட்டால் போதும், "பாத்தியா, மனசுதான்" என்று வீட்டில் ஆரம்பித்துவிடுவார்கள். வலிப் பாதையிலும் வேலை செய்கிறது என்பதால்தான் அதைக் கொடுக்கிறார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். நடைப்பயிற்சியையும் கொஞ்சமாக ஆரம்பித்து மெல்லக் கூட்டுங்கள், முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

கூடப் போகிற கணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. டாக்டர் அவளைக் கேட்டால் அவளே பதில் சொல்லட்டும். பிறகு நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: காலையில் எழ எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த வேலையைப் பாதியில் விடுகிறாள், ராத்திரி எத்தனை தடவை எழுந்து உட்காருகிறாள். தெரியாது என்றால் இந்த வாரம் கவனித்துவிட்டு அடுத்த வாரம் போங்கள்.