கீழே போன ரத்தம் மேலே வருவது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

இதயத்தைப் பற்றிப் பேச ஒரு டாக்டர் வருகிறார் என்றதும் மாரடைப்பு, கொழுப்பு, ஆஞ்சியோ என்று ஆரம்பிப்பார் என நினைத்திருப்பீர்கள். அதையெல்லாம் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் கால் ரத்தக் குழாய்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன். இதயம் அனுப்பிய ரத்தம் எப்படித் திரும்பி வருகிறது என்பதுதான் என் பிழைப்பு. அதை யாரும் கேட்பதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய இதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி ரத்தம் இடது கீழறையிலிருந்து பெருந்தமனி என்ற பெரிய குழாய்க்குள் போகிறது. பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு 5 லிட்டர் வரும். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 5 லிட்டர்தான். ஆக, அனுப்பிய அளவு ரத்தம் அந்த ஒரு நிமிடத்துக்குள்ளேயே திரும்பி வந்தாக வேண்டும். வராவிட்டால் இதயம் எவ்வளவு திடமாக இருந்தும் பயனில்லை, அனுப்புவதற்குச் சரக்கு இருக்காது.

போகும்போது ரத்தத்துக்கு நல்ல வேகம். கையில் பட்டையைச் சுற்றி 120-க்கு 80 என்று சொல்கிறோமே, அது தமனியில், அதாவது இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகும் குழாயில் இருக்கும் அழுத்தம். தமனி கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் தலைமயிரைவிட மெல்லிய தந்துகிகளாகிறது. சிவப்பணுக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நுழைய முடியும். அங்கே ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு, கழிவை வாங்கிக்கொண்டு, இதயத்துக்குத் திரும்பும் குழாயான சிரைக்குள் போகும்போது இதயம் கொடுத்த அழுத்தத்தில் மிச்சம் இருப்பது 15 போலத்தான். வலது மேலறையை எட்டும்போது அதுவும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

சிரையின் சுவரும் தமனியின் சுவர் மாதிரி தடியாக இருக்காது. மெல்லிசு, இழுத்தால் விரியும். எந்த நேரத்திலும் உடம்பு ரத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு போல சிரைகளில்தான் தங்கியிருக்கிறது. நாம் எழுந்து நின்றவுடன் அரை லிட்டர் ரத்தமாவது மார்புப் பக்கமிருந்து இடுப்புக்குக் கீழே இறங்கிவிடுகிறது. இதயத்திலிருந்து பாதம் வரை ஏறத்தாழ 4 அடி. அந்த 4 அடி ரத்தத்தின் கனமும் பாதத்துச் சிரையின் மேல் உட்காருவதால், அசையாமல் நிற்கும் ஒருவருக்கு அங்கே அழுத்தம் 90 வரை போகும்.

கை காலியாக இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம். ஒரு கையைத் தொங்கப் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் புறங்கையில் பச்சையாகச் சிரைகள் புடைத்துத் தெரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, விரல்களுக்குப் பக்கத்தில் இருக்கும் முனையை மற்றக் கையின் ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். இன்னொரு விரலால் அந்தச் சிரையை மணிக்கட்டை நோக்கி வழித்துவிட்டு, வழித்த விரலை எடுத்துவிடுங்கள். ரத்தம் மேலிருந்து திரும்பி வரப் பார்க்கும், ஆனால் ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே சிரை தட்டையாகக் கிடக்கும். இப்போது அழுத்திய விரலை எடுத்தால் கீழிருந்து சட்டென்று நிரம்பும். ஒரு முறையில் சரியாக வராவிட்டால் வேறு சிரையில் பாருங்கள்.

இந்தப் பரிசோதனை என்னுடையது இல்லை. லண்டன் மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட புத்தகத்தில் முன்கையில் இதைச் செய்வதற்குப் படமே போட்டிருக்கிறார். 72 பக்கம்தான், லத்தீனில் எழுதி, ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட்டில் அச்சானது. அதுவரை ஐரோப்பாவில் செல்வாக்காக இருந்தது கிரேக்க வைத்தியர் கேலனின் கருத்து: கல்லீரல் ரத்தத்தை உற்பத்தி செய்கிறது, உடம்பு அதைத் தின்று தீர்க்கிறது. ஹார்வி கணக்குப் போட்டார். ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தத்தை வேண்டுமென்றே மிகக் குறைவாக வைத்துக்கொண்டார். அப்படியும் அரை மணி நேரத்தில் இதயத்தைக் கடக்கும் ரத்தம், உடம்பில் இருக்கும் மொத்த ரத்தத்தைத் தாண்டிவிட்டது. நாம் சாப்பிடும் சோற்றிலிருந்து அவ்வளவு ரத்தம் ஊற வழியே இல்லை. அப்படியானால் அதே ரத்தம்தான் சுற்றி வருகிறது.

இந்த எண்ணம் எதனால் வந்தது என்று பிற்காலத்தில் விஞ்ஞானி ராபர்ட் பாயில் கேட்டதற்கு, சிரைகளின் வால்வுகளை, அதாவது ரத்தத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் கதவுகளைப் பார்த்துத்தான் என்று ஹார்வி பதில் சொன்னாராம். அந்த வால்வுகளை விவரித்து 1603-இல் புத்தகம் எழுதியவர் இத்தாலியின் பாதுவாவில் அவருக்குப் பாடம் சொன்ன ஃபேப்ரிசியஸ். எனக்கு இந்த ஆசிரியர்மேல் ஒரு பரிதாபம் உண்டு. அறுத்துப் பார்த்தார், படம் வரைந்தார், எல்லாம் செய்தார். ஆனால் சிரையில் ரத்தம் உடம்பின் நடுவிலிருந்து கைகால் பக்கம்தான் ஓடுகிறது என்ற நம்பிக்கையை மட்டும் விடவில்லை. அதனால் கால்பக்கம் ரத்தம் அதிகமாகச் சேராமல் தடுக்கத்தான் வால்வு இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார். கையில் இருந்த சாவி சீடருக்குப் போய்விட்டது. அப்புறம், தமனியும் சிரையும் சந்திக்கும் தந்துகியை ஹார்வியும் கண்ணால் பார்க்கவில்லை. அவர் 1657-இல் இறந்து 4 வருடம் கழித்து, இத்தாலியில் மால்பிகி என்ற மருத்துவர் நுண்ணோக்கியில் தவளை நுரையீரலை வைத்துப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார்.

கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு வால்வு வேலையை விளக்கத் தேவையில்லை. குழாயின் அடியில் ஃபுட் வால்வு போடுகிறோம் அல்லவா, அதே சங்கதிதான்: ஏறினது இறங்காது. ஆனால் வால்வு தானாக எதையும் ஏற்றாது, ஏற்றுவதற்கு வேறு ஒன்று வேண்டும். காலில் அந்த வேலையைச் செய்வது ஆடுசதை. ஒவ்வோர் எட்டு வைக்கும்போதும் அது இறுகி, தனக்குள் இருக்கும் ஆழச் சிரைகளைப் பிழிகிறது. ரத்தம் மேலே ஏறுகிறது. சதை தளரும்போது வால்வு மூடிக்கொள்வதால் ஏறின ரத்தம் அங்கேயே நிற்கிறது. நின்றபோது பாதத்தில் 90 இருந்த அழுத்தம், பத்துப் பதினைந்து எட்டு நடந்தால் 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து, வயிற்றுப் பக்கத்து ரத்தமும் மேலே இழுக்கப்படுகிறது. ஆனாலும் பெரிய பங்கு ஆடுசதைக்குத்தான். அதை இரண்டாவது இதயம் என்று சொல்வது எங்கள் வட்டத்தில் சகஜம்.

காலையில் பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் ஒரு பிள்ளையாவது மயங்கி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். சாப்பிடாமல் வந்திருக்கும் என்பார்கள். அதுவும் இருக்கலாம். ஆனால் வெயிலில் விறைப்பாக, ஆடாமல் அசையாமல் நிற்கச் சொன்னதும் ஒரு காரணம். ஆடுசதை வேலை செய்யவில்லை, ரத்தம் காலில் தேங்கியது, மூளைக்குப் போவது குறைந்தது. கீழே விழுந்ததும் உடம்பு கிடைமட்டமாகிவிடுவதால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? உடனே தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து சோடா கொடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். படுத்தே இருக்கட்டும், காலை மட்டும் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள். நெடுநேரம் நின்றே ஆக வேண்டிய இடத்தில், செருப்புக்குள்ளேயே குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியவும் தெரியாது.

இனி என் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறேன். பரோட்டா மாஸ்டர், முடி திருத்துபவர், போக்குவரத்துக் காவலர், ஆசிரியை, ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டும் பெண். வேலை வேறு, கால் ஒன்றுதான். உள் கணுக்காலிலிருந்து தொடைவரை ஓடும் பெரிய மேற்சிரையில் வால்வுகள் பழுதாகிவிட்டால், ஏறின ரத்தம் இறங்கிவிடும். நடந்தாலும் அழுத்தம் முழுதாகக் குறையாது. சிரை நெளிநெளியாகப் புடைக்கும். ஊரில் நரம்பு சுருட்டல் என்கிறார்கள், இப்போது வெரிகோஸ் என்ற பெயரும் பரவலாகிவிட்டது. நிற்கிற எல்லாருக்கும் இது வருவதில்லை. குடும்பத்தில் இருந்தால், பல பிரசவம் ஆகியிருந்தால், உடம்பு எடை கூடினால் வாய்ப்பு அதிகம். நிற்பது அதை மோசமாக்கும்.

வலிக்காத வரை யாரும் வருவதில்லை. உள் கணுக்காலுக்கு மேலே தோல் கறுக்கும், அரிக்கும். மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கிப் போடுவார்கள். சொறிந்த இடத்தில் ஒரு சின்னப் புண் வரும், அது பல மாதம் ஆறாது. சர்க்கரைப் புண் என்று நினைத்து சர்க்கரையைப் பரிசோதித்தால் சரியாக இருக்கும். அந்தப் புண்ணுக்கு மருந்தைவிட முக்கியம், காலை அழுத்திக் கட்டும் கட்டு. தமனியில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதைக் கட்ட வேண்டும், அதனால் வீட்டில் நீங்களாகக் கட்டாதீர்கள். பழுதான சிரையை லேசர் கொண்டு உள்ளிருந்தே அடைத்துவிடும் சிகிச்சை இருக்கிறது. அழுத்தக் காலுறையும் உண்டு, கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்கும். காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே போட வேண்டும். நம் ஊர் வெயிலில் அதைச் சாயங்காலம்வரை போட்டிருப்பது தண்டனைதான், ஒத்துக்கொள்கிறேன்.

காலுறையைவிட மலிவான வைத்தியம் ஒரு முக்காலி. கோழிக்கோட்டில் ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடிய பிறகு, 2018-இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் திருத்தியது. கடைகள், நிறுவனங்களில் ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அந்தத் திருத்தம். என்னிடம் வந்த ஒரு பெண்ணிடம் உங்கள் கடையில் இருக்கை இருக்கிறதா என்று கேட்டேன். “இருக்கு சார், உட்கார்ந்தா சூப்பர்வைசர் பார்ப்பாரு” என்றார்.

உட்காருவதிலும் ஒரு கதை இருக்கிறது. 1940-இல் லண்டன்மேல் குண்டு விழுந்தபோது, மக்கள் பதுங்கு இடங்களில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரவெல்லாம் தூங்கினார்கள். அவர்களில் சிலர் குண்டு படாமலே இறந்தார்கள். நாற்காலியின் முன்சட்டம் காலை அழுத்தியதில் சிரையில் ரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி வலது இதயம் வழியாக நுரையீரல் தமனியில் போய் அடைத்திருந்தது. கீத் சிம்ப்சன் என்ற தடயவியல் மருத்துவர் இதை அந்த வருடமே லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். நெடுந்தூர விமானப் பயணத்தில் அவ்வப்போது எழுந்து நடக்கச் சொல்வதும், அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே நர்ஸ் வந்து எழுப்பி நடக்கவைப்பதும் இதற்காகத்தான்.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலும் சாயங்காலம் வீங்கி, படுத்து எழுந்தால் வடிந்துவிடுகிறது என்றால் அந்த வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். ஒரே ஒரு கால் திடீரென்று வீங்கி, ஆடுசதை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்பது, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும். அதுவரை எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள், உறைகட்டி இடம் பெயரலாம். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் ஸ்கேன் வரை காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

நன்றி, வணக்கம்.