ஆள் கிடைக்கவில்லையா, வேலை கிடைக்கவில்லையா?

நடுவர் அவர்களே, வணக்கம். டெல்டா மக்கள் வயலை விட்டு வெளிவேலைக்குப் போவது முன்னேற்றமா, இழப்பா என்பது கேள்வி. முன்னேற்றமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் கண் கலங்கிவிட்டார். நடவுக்கு ஆளே இல்லையாம், நூறு நாள் வேலை எல்லாரையும் சோம்பேறியாக்கிவிட்டதாம். சரி அண்ணே, ஆள் வந்தால் வருஷத்துக்கு எத்தனை நாள் வேலை கொடுப்பீர்கள்?

அறுவடையையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அரிவாளோடு இறங்கி அறுத்து, கட்டுக் கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவந்து, அடித்து, தூற்ற வேண்டும். குடும்பமே நாள்கணக்கில் நிற்கும். கூலி நெல்லாக வீட்டுக்கு வரும். இன்று அறுவடை மெஷினுக்கு ஏக்கருக்கு ஒரு மணி நேரம். சேற்று வயலானால் டயருக்குப் பதில் பெல்ட் வைத்த மெஷின், நேரம் கொஞ்சம் கூடுதலாகும். நேரடி விதைப்பு வயலில் நாற்றுப் பறிப்பும் கிடையாது, நடவும் கிடையாது. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்காவிட்டால் பல ஊர்களில் குறுவை நெல் சாகுபடியே இல்லை. அப்புறம் திருப்பூருக்கு பஸ் ஏறாமல் என்ன செய்வார்கள்? மெஷினை வாடகைக்குக் கூப்பிட்டவரே ஆள் போய்விட்டான் என்று அழுவதுதான் வேடிக்கை!

கூலிக்கு வருகிறேன். 1968-ல், கூலி உயர்வு கேட்ட போராட்டத்தை ஒட்டி, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து போனார்கள். நிலக்காரரை விட்டால் வேறு பிழைப்பில்லாத காலம் அது. இன்று, "இந்தக் கூலி கட்டாது, வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கொத்து வேலைக்குப் போக முடிகிறது. இதையா இழப்பு என்கிறீர்கள்?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆண்கள் பஸ் ஏறினார்கள். நடவையும் களையெடுப்பையும் நம்பியிருந்த பெண்கள் பலரால் ஏற முடியவில்லை. பிள்ளை, மாமியார், ஆடு மாடு. அவர்களைத் தாங்கியதே அந்த நூறு நாள் வேலைதான். 2006-ல் முதல் கட்டத்திலேயே நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று வந்தது. வெயிலில் மண்வெட்டி பிடித்தவர்களையா சோம்பேறி என்கிறார் அண்ணன்?

ஊரிலேயே இருக்கச் சொல்கிறவர்கள் ஊரில் வேலை கேளுங்கள். டெல்டா விவசாயத்தைப் பாதுகாக்க வந்த 2020 வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய்க் கிணற்றை, தோல் பதனிடும் ஆலையைத் தடுத்தது. பருப்பு மில்லைத் தடுக்கவில்லை. சம்பா நெல் வயலில் மிஞ்சும் ஈரத்தில் விளைகிற நம் உளுந்து மூட்டை மூட்டையாக வெளியூர் போகிறது. பருப்பாகி மளிகைக் கடைக்குத் திரும்பி வருகிறது. அதை இங்கேயே உடைக்க ஒரு மில் வைத்துப் பாருங்கள், ஆள் கிடைக்கிறதா இல்லையா என்று.

மணி அடித்துவிட்டார்கள். நன்றி.