பாயசம் ஊத்துன பசங்க இல்லங்க அவங்க! (1949 டொரினோ பட்டம் பட்டிமன்றத்துல நான் பேசினது)

நடுவர் அம்மாவுக்கு வணக்கம், ரெண்டு அணிக்கும் வணக்கம், எதிர்ல உக்காந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். வணக்கத்துலயே மணி அடிச்சிடுவாங்க, நேரா விஷயத்துக்கு போயிடுறேன். லேட்டா வந்தவங்களுக்காக தலைப்ப மட்டும் ஒரு தடவை. 1948-49 சீசன்ல இத்தாலி கால்பந்து லீக் பட்டம் டூரின் நகரத்து கிளப் டொரினோவுக்கு. அந்த பட்டத்தோட பெருமை யாருக்கு அதிகம், விமான விபத்துல போன மாவீரர்களுக்கா, அவங்க போனப்புறம் மிச்ச நாலு மேட்ச ஆடி முடிச்ச யூத் டீம் பசங்களுக்கா? நான் பசங்க பக்கம் பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னாரு, நீங்களும் கைதட்டுனீங்க. "விருந்து பூரா சமைச்சு இலை போட்டு பரிமாறினது பெரியவங்க, கடைசியில பாயசம் ஊத்துன பசங்களுக்கு சமையல்காரர் பட்டமா?"ன்னு கேட்டாரு. அந்த பாயசத்துக்கு வர்றேன் அண்ணே, விடமாட்டேன். அதுக்கு முன்னாடி ட்ரம்பெட் ஊதின ஒரு மனுஷன் கதைய சொல்லிடுறேன், ஏன்னா அது இல்லாம டொரினோவ பத்தி பேசவே முடியாது.

டூரின் நகரத்துல ஃபிலடெல்ஃபியான்னு ஒரு மைதானம். அமெரிக்கா இல்லங்க, அந்த பேர்ல டூரின்ல ஒரு தெரு, அந்த தெருவுல 1926ல கட்டுனது. டொரினோவோட வீடு அதுதான். அங்க ஞாயித்துக்கிழமை ஆனா ஓரெஸ்தே போல்மிதான்னு ஒருத்தர் வந்து உக்காருவாரு. ரயில்வேல வேலை. கையில ஒரு ட்ரம்பெட். மேட்ச் நடக்குது, டொரினோ மந்தமா ஆடுது, பந்து நடுவுலயே சுத்துது, எதிரி கோல் போட்டுட்டான், ஜனங்க நெளியுறாங்க. அப்ப போல்மிதா எழுந்திருப்பாரு. ட்ரம்பெட்ட வாயில வெச்சு ஒரு ஊது! படை கிளம்பறப்போ ஊதுவாங்களே அந்த ஊது. உடனே கிரவுண்டுக்குள்ள கேப்டன் வாலன்டினோ மாத்ஸோலா என்ன பண்ணுவாரு தெரியுமா? கத்த மாட்டாரு, யாரையும் திட்ட மாட்டாரு. ஜெர்சி கைய மடிச்சு விடுவாரு. அவ்ளோதான். இந்த கை ஒரு மடி, அந்த கை ஒரு மடி.

நடுவர் அம்மா, அந்த ரெண்டு மடிய பாத்தா எதிரி டீமுக்கு வயித்த கலக்கிடும். ஏன்னா அடுத்த கால் மணி நேரம் புயல். அந்த கால் மணி நேரத்துக்கு டூரின்ல தனியா பேரே இருக்கு, கிரனாத்தா கால் மணி நேரம்னு, டொரினோ ஜெர்சியோட அந்த கருஞ்சிவப்பு நிறத்த வெச்சு. 1948 மே மாசம் லாட்ஸியோன்னு ஒரு டீம் வந்து 3-0 முன்னாடி போயிட்டாங்க. மூணு கோல் வாங்குன டீம் என்ன பண்ணும், மீதி நேரத்துல அவமானம் இல்லாம முடிஞ்சா போதும்னு நினைக்கும். இவங்க 4-3 ஜெயிச்சாங்க!

இன்னொரு தடவை சொல்றேன், பின்னாடி பெஞ்சுல இருக்கிறவங்க கேக்கல போல இருக்கு. கோச் எழுந்து வந்து போர்டுல படம் வரையல. ஒரு ரயில்வேக்காரர் எழுந்து ஊதுறாரு, ஒரு கேப்டன் கைய மடிக்கிறாரு, பதினோரு பேரும் பாயுறாங்க, மைதானமே பாயுது. 1943 ஜனவரியிலேர்ந்து 1949 மே வரைக்கும் அந்த மைதானத்துல வந்து லீக் மேட்ச்ல டொரினோவ ஜெயிச்சவன் ஒருத்தன் கிடையாது. நடுவுல போர் வந்துச்சு, போச்சு, அந்த ஒண்ணு மட்டும் மாறல.

அந்த டீம் எவ்ளோ பெரிசுன்னு எதிரணியில மூணு பேரும் சொல்லிட்டாங்க, ஒரு எழுத்த கூட நான் மறுக்க மாட்டேன். 1947-48ல 125 கோல். அலெஸ்ஸாந்திரியாவ 10-0. 1947 மே 11ல ஹங்கேரிக்கு எதிரா இத்தாலி தேசிய அணி இறங்குறப்போ பதினோரு பேர்ல பத்து பேர் டொரினோ, கோல்கீப்பர் மட்டும் யுவென்டஸ். டெக்னிக்கல் டைரக்டர் எர்னோ எர்ப்ஸ்டைன், ஹங்கேரி யூதர், போர் காலத்துல கட்டாய உழைப்பு முகாம்லேர்ந்து தப்பிச்சு உயிரோட வந்த மனுஷன். பாச்சிகலூப்போ, பல்லாரின், மரோஸோ, கபெத்தோ, லோயிக், மாத்ஸோலா, ஒஸ்ஸோலா... இந்த பேருங்களுக்கு நானும் எழுந்து நின்னு கும்பிடுவேன்.

ஆனா தலைப்பு அவங்க பெரியவங்களான்னு இல்லையே, இந்த ஒரு பட்டத்த பத்திதானே.

இப்ப பாயசம்.

அண்ணே, நீங்க சொன்ன அதே பந்தியிலேயே உக்காருவோம். ஒரு மேட்ச்னா ஒரு பந்தி, 38 பந்தி வைக்க வேண்டிய விருந்து. 34 பந்தி முடிஞ்சிருச்சு, பெரியவங்கதான் சமைச்சாங்க, சத்தியம். முப்பத்தி நாலாவது பந்தி ஏப்ரல் 30, மிலான் நகரத்து கிளப் இன்டரோட 0-0. அப்புறம் போர்ச்சுகல்ல லிஸ்பனுக்கு போறாங்க, அந்த ஊரு கிளப் பென்ஃபிக்காவோட கேப்டன் ஃபெரெய்ராவுக்காக வெச்ச ஃப்ரெண்ட்லி மேட்ச், மே 3, 4-3ன்னு தோக்குறாங்க, அத பத்தி யாருக்கு கவலை, வீட்டுக்கு வரணும். மே 4, பார்சிலோனாவுல இறங்கி பெட்ரோல் போட்டுட்டு ஃபியட் விமானம் கிளம்புது. டூரின் மேல ஒரே மூடுபனி, மேகம். சாயங்காலம் அஞ்சு மணி சுமாருக்கு சூப்பர்கா குன்று மேல இருக்கிற பேராலயத்தோட பின்பக்கத்துல விமானம் மோதுது. 31 பேர். அதுல 18 பேர் வீரர்கள். எர்ப்ஸ்டைன் போயிட்டாரு, இங்கிலாந்துலேர்ந்து வந்த கோச் லீவ்ஸ்லி போயிட்டாரு, கூட போன பத்திரிகைக்காரங்க மூணு பேர் போயிட்டாங்க.

இப்ப சொல்லுங்கண்ணே. அடுப்பு எரியுது. இலை போட்டாச்சு. இன்னும் நாலு பந்தி பாக்கி. சமையல்காரர் இல்ல, அவருக்கு கை உதவி பண்ணவங்க இல்ல, பரிமாறுறவங்க இல்ல, ஒரே நாள்ல எல்லாரும் போயிட்டாங்க. அந்த வீட்டு சின்ன பசங்க கண்ண தொடச்சிக்கிட்டு கரண்டிய எடுக்கிறாங்க. அத போய் பாயசம் ஊத்துறதுன்னு சொல்லலாமா? அந்த கரண்டி எவ்ளோ கனம்னு தூக்குன பசங்களுக்குத்தான்ணே தெரியும்!

பாயசம்னா எல்லாம் முடிஞ்சப்புறம் வர்றதுங்க, பாயசம் இல்லன்னாலும் சாப்பாடு சாப்பாடுதான். அதனாலதான் அண்ணன் அந்த வார்த்தைய எடுத்தாரு, நல்லா பேசுறவரு, தெரிஞ்சுதான் எடுத்திருப்பாரு. சரி, எல்லாம் முடிஞ்சிருந்துச்சா? கணக்கு பாப்போம், சின்ன கணக்குதான். அப்பல்லாம் ஜெயிச்சா 2 பாயின்ட். சீசன் முடியறப்போ டொரினோ 60 பாயின்ட், ரெண்டாவது வந்த இன்டர் 55. பசங்க ஆடுன நாலு மேட்சையும் ஜெயிச்சாங்க, நால்ரெண்டு எட்டு. அறுபதுல எட்டு போனா 52. அம்பத்திரண்டு பெருசா, அம்பத்தஞ்சு பெருசாண்ணே? பெரியவங்க சமைச்சு வெச்சது 52, இன்டர் கொண்டுவந்தது 55. பசங்க கரண்டிய எடுக்கலன்னா கணக்குப்படி பட்டம் மிலான் நகரத்துக்கு போயிருக்கும். இத பாயசம்னு சொன்னா அப்புறம் சோறுன்னு எத சொல்றது?

உடனே எதிரணி தங்கச்சி எழுந்து, மே 6லயே டொரினோதான் சாம்பியன்னு அறிவிச்சுட்டாங்களே, பசங்க ஆடினாலும் ஆடலன்னாலும் பட்டம் அவங்களுதுதானேன்னு கேட்டாங்க. அறிவிச்சாங்கம்மா, உண்மை. அப்ப எதுக்கு ஆடணும்? பூட்டிட்டு வீட்டுக்கு போயிருக்கலாமே, டூரின்ல ஒருத்தர் கூட தப்பு சொல்லிருக்க மாட்டாங்களே. இரக்கத்துல குடுத்த பட்டத்த வாங்கி வெச்சிக்கிறது ஒண்ணு, நாங்க ஆடித்தான் எடுப்போம்னு கிரவுண்டுல இறங்குறது இன்னொண்ணு. இன்னைக்கு ரெக்கார்டு புத்தகத்துல 60ன்னு இருக்கு, 52ன்னு போட்டு பக்கத்துல அனுதாபத்துல குடுத்ததுன்னு இல்ல. போன பெரியவங்க பேர் மேல அனுதாபம்ங்கிற சொல்லு படாம பாத்துக்கிட்டது யாரு? அந்த பசங்கதான்மா.

அடுத்து, எதிர்ல நின்னதும் பசங்கதானேன்னு ஒரு சிரிப்பு சிரிச்சீங்க. ஆமா, ஜெனோவா, பலெர்மோ, சம்ப்டோரியா, ஃபியோரென்டினா, நாலு கிளப்பும் மரியாதைக்காக அவங்க யூத் டீமையே இறக்குனாங்க. கால்பந்து உலகத்துல இதவிட பண்பான ஒரு காரியம் நடந்திருக்கான்னு எனக்கு தோணல. ஆனா வயசு சமம்னா பாரம் சமமா? ஜெனோவா பையனோட அண்ணனுங்க அன்னைக்கு ராத்திரி வீட்ல சாப்பிட்டு தூங்குவாங்க. இந்த பசங்களோட அண்ணனுங்கள மண்ணுக்குள்ள வெச்சு பத்து நாள் கூட ஆகல. மே 6 இறுதி ஊர்வலம், ரோட்டுல அஞ்சு லட்சத்துக்கு மேல ஜனம். மே 15 ஜெனோவாவோட மேட்ச். நான் முதல்ல சொன்னேனே அந்த கை மடிப்பு, அன்னைக்கு மடிக்கிறதுக்கு மாத்ஸோலா இல்ல. ஸ்கோர் 4-0!

மனச திடப்படுத்திக்கிட்டு இத கேளுங்க. சூப்பர்கா குன்று மேல உடல்கள அடையாளம் காட்ட வந்தவரு யாரு தெரியுமா? வித்தோரியோ போட்ஸோ. 1934, 1938 ரெண்டு உலகக்கோப்பையும் இத்தாலிக்கு வாங்கி குடுத்த கோச். தேசிய அணிக்காக தான் தேடி எடுத்த பிள்ளைங்கள ஒவ்வொருத்தரா பாத்து இவன் இன்னார் இவன் இன்னார்னு அந்த பெரியவரு சொல்ல வேண்டி வந்துச்சு. முட்டி அடிபட்டதால லிஸ்பனுக்கு போகாம தங்கிட்டாரு சவ்ரோ தோமான்னு ஒரு டிஃபெண்டர், 2018 வரைக்கும் இருந்தாரு, அந்த டீமோட நினைவ சுமந்துக்கிட்டே தொண்ணூறு வயசு தாண்டி வாழ்ந்தாரு. அடுத்த வருஷம் பிரேசில் உலகக்கோப்பைக்கு இத்தாலி டீம் கப்பல்ல போச்சுங்க. விமானத்துல ஏற மனசு வரல. உலகம் தெரிஞ்ச பெரிய பெரிய ஆட்டக்காரங்களே அப்படி ஒடுங்கி போயிருந்த நேரத்துல, அந்த மைதானத்துக்குள்ள, அந்த டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ள அந்த பசங்க எப்படித்தான் கால் எடுத்து வெச்சாங்களோ. யோசிச்சு பாருங்க, நேத்து வரைக்கும் "டேய் இங்க வா, பந்த இப்படி உதை"ன்னு சொல்லிக்கிட்டிருந்தவங்க உக்காந்த பெஞ்சு அது. எனக்கு இத பேசும்போதே தொண்டை அடைக்குது.

மாத்ஸோலா பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன் அம்மா, மணி அடிச்சிடாதீங்க. அவருக்கு பத்து வயசு, ஊரு கஸ்ஸானோ தத்தா, அத்தா ஆத்தங்கரை. ஆறு வயசு பையன் ஒருத்தன் தண்ணியில தத்தளிக்கிறான், இவரு குதிச்சு இழுத்துட்டு வந்துட்டாரு. அந்த பையன் அந்த்ரேயா போனோமி, பின்னாடி ஏசி மிலான் கேப்டனாவே ஆனாரு! பத்து வயசுலயே தன்னவிட சின்னவனுக்காக தண்ணியில குதிச்ச மனுஷங்க அவரு. அவருக்கே ஆறு வயசுல சாந்த்ரோன்னு ஒரு பையன் இருந்தான் விபத்து நடந்தப்போ, அந்த பையன் வளந்து இன்டருக்கு ஆடி ஐரோப்பிய கோப்பைய தூக்குனான். அப்பேர்ப்பட்ட வாலன்டினோ மாத்ஸோலாவ இங்க கூட்டிட்டு வந்து இந்த தலைப்ப கேட்டா, எந்த பக்கம் உக்காருவாருன்னு நினைக்கிறீங்க? எதிரணி மேஜையில உக்காந்து பெருமை எனக்குத்தான்னு சொல்லுவாரா? சத்தியமா சொல்றேன், இந்த பக்கம் வந்து உக்காந்து கைய மடிச்சு விட்டுக்குவாரு!

வருஷா வருஷம் மே 4ல டொரினோ கேப்டன் சூப்பர்கா குன்று ஏறி, போனவங்க பேர சத்தமா படிப்பாரு. ஆயிரக்கணக்குல ஜனம் அமைதியா நின்னு கேக்கும். படிக்கணும்ங்க, உலகம் இருக்கிற வரைக்கும் படிக்கணும். ஆனா அந்த லிஸ்ட்டுல இந்த பசங்க இல்ல. அவங்க பேர சொல்லுங்கன்னு இந்த ஹால்ல யாரையாவது கேட்டா எத்தன பேரு கை தூக்குவீங்க? அதுக்கப்புறம் டொரினோ அடுத்த பட்டம் வாங்க 1976 ஆச்சு. 27 வருஷம். அது வரைக்கும் கடைசி பட்டம்னு நெஞ்சுல வெச்சிக்க டொரினோ ரசிகங்களுக்கு இருந்தது அந்த பசங்க ஆடி முடிச்ச இந்த பட்டம்தான். அவங்களுக்கு சிலை கேக்கல நான். மாவீரங்க கிட்டேர்ந்து எதையும் புடுங்கவும் இல்ல, அவங்களுக்கு நாலு பட்டம் முன்னாடியே இருக்கு, அது பூரா அவங்களுது, யாரும் பங்கு கேக்க மாட்டோம். இந்த அஞ்சாவது பட்டத்துலயாவது அந்த பசங்களுக்கு ஒரு தீர்ப்பு கிடைக்கட்டும்னுதான் கேக்குறேன்.

உங்க பேப்பர்ல எழுதிக்கோங்கம்மா. ஜெனோவா 4-0. பலெர்மோ 3-0. சம்ப்டோரியா 3-2. ஃபியோரென்டினா 2-0. எழுதிட்டீங்களா? அத வெச்சு தீர்ப்பு சொல்லுங்க. நன்றி, வணக்கம்.