டேப்லெட்டின் பதிவேட்டு அறை: டிரைவர் ஓட்டைகள் எப்படி வேலை செய்கின்றன?

[திரையில்: பழைய டேப்லெட் ஒன்று. ஒரு நாள்காட்டி ஆப் இன்ஸ்டால் ஆகிறது.]

வணக்கம். ராகுகாலம், எமகண்டம் பார்க்க ஒரு நாள்காட்டி ஆப் போடுகிறீர்கள். அது எந்த அனுமதியும் கேட்கவில்லை. கேமரா வேண்டாம், காண்டாக்ட்ஸ் வேண்டாம், லொகேஷன் வேண்டாம். பரவாயில்லையே, நல்ல பிள்ளையாக இருக்கிறதே என்று வைத்துக்கொள்கிறீர்கள்.

2012 டிசம்பரில் சாம்சங் கேலக்ஸி நோட் 10.1 டேப்லெட்டில் இப்படி ஓர் ஆப்பை ஒருவர் போட்டிருந்தால், அந்த ஆப் நினைத்தால் டேப்லெட்டின் மொத்த மெமரியையும் படித்திருக்கலாம். படிப்பது என்ன, மாற்றியே எழுதியிருக்கலாம். பூட்டை உடைக்கத் தேவையில்லை. கதவு சாத்தவே இல்லை.

எப்படி? அதற்கு முதலில் கெர்னல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

[திரையில்: தாலுகா அலுவலகம். உள்ளே பதிவேட்டு அறை, வெளியே ஒரு ஜன்னல், வரிசை.]

ஒரு தாலுகா அலுவலகத்தின் பதிவேட்டு அறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் நிலம் மொத்தத்துக்கும் கணக்கு அங்கேதான். நாம் உள்ளே போக முடியாது. ஜன்னலில் மனு கொடுக்க வேண்டும், உள்ளே இருப்பவர் பார்த்து, நமக்கு உரியதை மட்டும் எடுத்துத் தருவார். அந்த அறைதான் கெர்னல். ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பவை ஆப்கள்.

அறைக்குள் பல ஆட்கள் வேலை செய்கிறார்கள். திரைக்கு ஓர் ஆள், கேமராவுக்கு ஓர் ஆள், வைஃபைக்கு ஓர் ஆள். இவர்கள்தான் டிரைவர்கள். இங்கேதான் சிக்கல். கேமரா ஆள் கேமரா பதிவேட்டை மட்டும்தான் தொடுவார் என்று எந்தத் தடுப்புச் சுவரும் கிடையாது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் ஓடும் லினக்ஸ் கெர்னலில், உள்ளே வந்த டிரைவருக்கு எல்லா அலமாரியும் திறந்திருக்கும். அதில் பல டிரைவர்களை எழுதுவது கூகுளும் இல்லை, லினக்ஸ்காரர்களும் இல்லை. சிப் செய்யும் கம்பெனி எழுதுகிறது, அடுத்த சிப் வெளிவரும் அவசரத்தில்.

இப்போது அந்த சாம்சங் கதைக்கு வருவோம்.

லினக்ஸில் ஒரு கருவியும் கோப்பு மாதிரிதான் தெரியும். ‘டெவ்’ என்ற ஃபோல்டருக்குள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அனுமதி எண் உண்டு. படிக்க 4, எழுத 2, இரண்டும் சேர்ந்தால் 6. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, அடுத்தது அவருடைய குழுவுக்கு, கடைசி இலக்கம் மற்ற எல்லோருக்கும்.

[திரையில்: ‘/டெவ்/எக்ஸினோஸ்-மெம்’, அனுமதி 0666. கடைசி 6 சிவப்பாகிறது.]

சாம்சங்கின் சொந்தத் தயாரிப்பான எக்ஸினோஸ் 4210, 4412 சிப்கள் இருந்த கருவிகளில் ‘எக்ஸினோஸ்-மெம்’ என்று ஒரு கோப்பு. அதைத் திறந்தால் டேப்லெட்டின் மெமரி முழுக்கக் கிடைக்கும், கெர்னல் உட்கார்ந்திருக்கும் இடமும் சேர்த்து. அதன் அனுமதி எண் 0666. முன்னால் இருக்கும் 0-வை விட்டுவிட்டு எண்ணுங்கள். கடைசி 6-ஐப் பாருங்கள். ‘மற்ற எல்லோரும்’ படிக்கலாம், எழுதலாம். நம் நாள்காட்டி ஆப்பும் அந்த ‘எல்லோரில்’ ஒன்று. பதிவேட்டு அறைக்கு ஒரு பின்கதவு வைத்து, அதைத் தெருப்பக்கம் திறந்துவிட்ட மாதிரி.

அலெஃப்ஸைன் என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர் இதைக் கண்டுபிடித்து, எப்படிப் பயன்படுத்தலாம் என்றும் காட்டினார். அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கெர்னலுக்குள் எந்த வேலை எந்த முகவரியில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் உண்டு. சாதாரண ஆப் அதைப் படித்தால் முகவரிகள் எல்லாம் வெறும் பூஜ்ஜியமாகத் தெரியும், மறைத்துவிடுவார்கள். அலெஃப்ஸைன் என்ன செய்தார்? அந்தப் பட்டியலை அச்சடிக்கும் வரியையே மெமரியில் தேடிப் பிடித்து, ‘மறைத்துக் காட்டு’ என்பதை ‘அப்படியே காட்டு’ என்று மாற்றினார். ஓர் எழுத்து வேலை. பட்டியல் தெளிவாகத் தெரிந்ததும், ஒரு நிரல் வேறு ஆளாக மாற அனுமதி கேட்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். அங்கே ‘0 உடன் ஒப்பிடு’ என்று ஒரு கட்டளை. அதை ‘1 உடன் ஒப்பிடு’ ஆக்கினார். அவ்வளவுதான். இனி ‘நான் ரூட் ஆக வேண்டும்’, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள ஆளாக வேண்டும் என்று கேட்டால் கெர்னல் ‘சரி’ என்றது. வேலை முடிந்ததும் அவருடைய நிரல் மாற்றியதைப் பழையபடி வைத்துவிடும், தடயம்கூட இல்லாமல்.

பாதுகாப்பு ஓட்டைகளுக்கு எண் கொடுத்து வைக்கும் சிவிஇ பட்டியலில் இதன் எண் 2012-6422. செயின்ஃபயர் என்ற பெயரில் அறியப்பட்ட டெவலப்பர் இதை வைத்தே ‘எக்ஸினோஸ்அப்யூஸ்’ என்ற ஆப் செய்தார். ஒரே தட்டலில் ரூட்.

அந்தக் கதவை ஏன் திறந்து வைத்தார்கள்? கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கேமராவும் திரையும் வேகமாக வேலை செய்ய அந்தக் கோப்பு தேவைப்பட்டது. கதவைச் சாத்தினால் சில கருவிகளில் கேமராவே நின்றுபோனது. யாருக்குத் திறப்பது என்று உட்கார்ந்து யோசிப்பதைவிட எல்லோருக்கும் திறந்துவிடுவது சுலபம். 2013 ஜனவரியில் சாம்சங் திருத்தம் அனுப்பத் தொடங்கியது.

[திரையில்: சிறிய டேப்லெட். பூட்டுத் திரையில் விளம்பரம்.]

அடுத்தது அமேசான் ஃபயர் டேப்லெட். விலை குறைவு, அதற்குப் பதிலாகப் பூட்டுத் திரையில் விளம்பரம். அந்த டேப்லெட்டை முழுக்கத் தன் கைக்குள் கொண்டுவர நினைத்தவர்கள் 2019-இல் ஒரு வழி கண்டார்கள். உள்ளே இருந்தது மீடியாடெக் என்ற கம்பெனியின் சிப்.

இங்கே பின்கதவு எதுவும் திறந்திருக்கவில்லை. ஓட்டை கொஞ்சம் நுட்பமானது. பதிவேட்டு அறையில் ஓர் அட்டெண்டர் இருக்கிறார் என்று வையுங்கள். ஜன்னலில் நீங்கள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால், உள்ளே போய் அதில் எழுதியதைச் செய்துவிட்டு வருவார். நல்ல உழைப்பாளி, ஆனால் சீட்டில் இருப்பது உங்கள் நிலமா அடுத்தவர் நிலமா என்று பார்ப்பதே இல்லை.

மீடியாடெக்கின் ‘கமாண்ட் கியூ’ டிரைவர் அப்படித்தான் நடந்துகொண்டது. திரையில் படம் காட்டும் வேலைகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால், சிப்புக்குள் இருக்கும் தனி இயந்திரம் ஒன்று அதை நிறைவேற்றும். ஓர் ஆப் நேரடியாக அடுத்தவர் மெமரியைத் தொட்டால் பிராசஸர் தடுத்துவிடும். ஆனால் இந்தத் தனி இயந்திரம் தொட்டால் அந்தக் காவல் குறுக்கே வராது. ஆகவே சரிபார்க்க வேண்டிய பொறுப்பு முழுக்க டிரைவருடையது. டிரைவர் பார்க்கவில்லை. சீட்டில் கெர்னலின் முகவரியை எழுதினாலும் வேலை நடந்தது.

இது ஃபயர் டேப்லெட்டோடு நிற்கவில்லை. மீடியாடெக்கின் 64 பிட் சிப்கள் பலவற்றிலும் இதே டிரைவர், இதே ஓட்டை. ரூட் செய்ய விரும்பியவர்களுக்குக் கொண்டாட்டம். திருடர்களுக்கும்தான். 2020 ஜனவரியில் டிரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனம், கூகுள் பிளே ஸ்டோரிலேயே கிடந்த ‘கேமரோ’ என்ற போலி கேமரா ஆப் இந்த ஓட்டையையும் பயன்படுத்தியதாக அறிவித்தது. விளம்பரத்தை நீக்கத் திறந்த அதே கதவு வழியாக உளவு பார்க்கவும் ஆள் வந்துவிட்டார்கள்.

சரி, மீடியாடெக் என்ன செய்தது? 2019 மே மாதமே திருத்தம் கொடுத்துவிட்டது. ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அறிக்கையில் சிவிஇ 2020-0069 என்று அது இடம்பெற்றது 2020 மார்ச்சில். நடுவில் பத்து மாதம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. சிப் கம்பெனி திருத்தினாலும், அதை எடுத்துத் தன் மாடலுக்குப் பொருத்தி அனுப்ப வேண்டியது டேப்லெட் கம்பெனி. விலை குறைந்த டேப்லெட்டுக்கு விற்றபிறகு யார் அவ்வளவு மெனக்கெடுவார்கள்?

விலை உயர்ந்ததிலும் இது நடக்கிறது. ஆர்ம் நிறுவனத்தின் மாலி கிராபிக்ஸ் டிரைவரில் ஓட்டைகளைத் தேடுவதே வேலையான கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு ஐந்து ஓட்டைகளைச் சொன்னது. 2022 ஜூலை, ஆகஸ்டில் ஆர்ம் திருத்திவிட்டது. நவம்பரில் அதே குழு தங்களிடம் இருந்த மாலி கருவிகளைச் சோதித்தபோது, எல்லாவற்றிலும் ஓட்டை அப்படியே இருந்தது. கூகுளின் சொந்த பிக்சலுக்கும் அதுவரை திருத்தம் வரவில்லை.

[திரையில்: செட்டிங்ஸ் பக்கம். விரல் கீழே தள்ளிக்கொண்டே போகிறது.]

இப்போது உங்கள் டேப்லெட்டை எடுங்கள். செட்டிங்ஸ் போய், ‘டேப்லெட்டைப் பற்றி’ என்ற பகுதியில் பாதுகாப்பு பேட்ச் தேதி என்று ஒன்று இருக்கும். மாதத்தையும் வருடத்தையும் மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள், நாளையும் பாருங்கள். பெரும்பாலும் 1 அல்லது 5 என்று இருக்கும். 1 என்றால் அந்த மாதம் ஆண்ட்ராய்டின் மேல்தட்டுத் திருத்தங்கள் வந்திருக்கின்றன என்று அர்த்தம். கெர்னலுக்கும் சிப் கம்பெனி டிரைவர்களுக்கும் உரிய திருத்தங்கள் 5-ஆம் தேதிக் கணக்கில்தான் சேரும். மீடியாடெக் ஓட்டைக்கான திருத்தம் 2020 மார்ச் 5 கணக்கில் இருக்கிறது. உங்கள் தேதி மார்ச் 1-இலேயே நின்றுவிட்டதென்றால், அது வந்து சேர்ந்தது என்று நம்ப வழியில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பழைய டேப்லெட் இருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வீடியோவுக்காகத் தூசி தட்டிப் பார்த்தேன். 2018 ஆகஸ்ட் 1. பிள்ளைகள் அதில் கார்ட்டூன் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். என் மெயிலையும் பேங்க் ஆப்பையும் அன்றைக்கே எடுத்துவிட்டேன்.