சுவர் இருந்தால்தான்: பால்டிமோர் உள்ளரங்கக் கால்பந்தின் கதை

(தமிழ்ச் சங்கக் குளிர்கால விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இந்த விழாவுக்காக இரண்டு மாதமாக ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் செயலாளர் அம்மா அவர்களே, இந்தப் பனியிலும் நேரத்துக்கு வந்து நம்மைப் பெருமைப்படுத்தியிருக்கும் நகர மன்ற உறுப்பினர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் மூத்தவர் ஐயா அவர்களே, சமையற்கட்டில் கையை வைத்துக்கொண்டு காதை இந்தப் பக்கம் கொடுத்திருக்கும் சகோதரிகளே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். என்னை முதன்முதலில் நம் ஊரின் உள்ளரங்கக் கால்பந்து அணியான பிளாஸ்டின் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கிக் கூட்டிப்போனவர் ஐயாதான். அந்த நன்றியை இந்த மேடையில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, இந்த ஆட்டம் எப்படிப்பட்டது. இரண்டு, நம் ஊர் அணிகளின் வரலாறு. மூன்று, நகர மன்ற உறுப்பினர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். என் பாட்டி எதற்கெடுத்தாலும் சொல்லும் பழமொழி இது. வெளி மைதானத்தில் பந்து கோட்டைத் தாண்டினால் ஆட்டம் நின்றுவிடும். உள்ளரங்கத்தில் அப்படி இல்லை. ஐஸ் ஹாக்கிக்கு இருப்பது போலச் சுற்றிலும் பலகைச் சுவர், மேலே கண்ணாடி, கீழே செயற்கைப் புல். பக்கத்துக்கு கோல்கீப்பரோடு ஆறு பேர். சுவரில் பட்டுத் திரும்பும் பந்தும் ஆட்டத்தில் உண்டு. கெட்டிக்காரன் சுவருக்கே பாஸ் கொடுத்துவிட்டு, எதிராளியைச் சுற்றி ஓடித் தானே வாங்கிக்கொள்வான். ஐயா கூட்டிப்போன அன்றைக்கு நாங்கள் முதல் வரிசை. பந்து எங்களுக்கு முன்னால் பலகையில் மோதிய சத்தத்தில் மடியிலிருந்த என் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அடுத்த பந்துக்கு அவளே எழுந்து கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். மேஜர் இன்டோர் சாக்கர் லீக் 1978-இல் ஆறு அணிகளோடு தொடங்கியது. அதில் ஒன்று ஹூஸ்டன் சம்மிட். அந்த அணிதான் 1980-இல் பயிற்சியாளர் கென்னி கூப்பரோடு இங்கே குடிவந்து பால்டிமோர் பிளாஸ்ட் ஆனது. ஊர் நடுவில் 1962-இல் திறந்த சிவிக் சென்டர் அரங்கம் தயாராக இருந்தது. சுவர் இருந்தது, சித்திரம் வந்தது.

இந்த இடத்தில் 1984-ஐச் சொல்லியே ஆகவேண்டும். பிள்ளைகள் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரின் கூடைப்பந்து அணி புல்லட்ஸ் 1973-லேயே வாஷிங்டன் பக்கம் போய்விட்டது. மிஞ்சியிருந்த பெரிய பெருமைகளில் ஒன்று கோல்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி. அதன் முதலாளிக்கும் ஊருக்கும் நெடுநாள் தகராறு. தகராறு எதைப் பற்றி? அரங்கத்தைப் பற்றி! அணியை அரசே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டம் மாநில மன்றத்துக்கு வந்துவிட்டது. மார்ச் 28 இரவு ஆலங்கட்டியும் பனியுமாகக் கொட்டுகிறது. ஓவிங்ஸ் மில்ஸில் இருந்த அணி அலுவலகத்துக்கு மேஃப்ளவர் கம்பெனி லாரிகள் வரிசையாக வருகின்றன. ஹெல்மெட், மேசை, நாற்காலி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் இண்டியானாபொலிஸ் பாதையில் போய்விட்டன. ஊர் கண்விழித்தபோது அணி இல்லை.

ஆனால் ஒன்றை மட்டும் அவர்களால் ஏற்ற முடியவில்லை. அணியின் பேண்டு வாத்தியக் குழுவின் சீருடைகள் அன்றைக்குச் சலவைக் கடையில் இருந்தன. குழுவினர் அவற்றை எடுத்துக்கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்தில் ஒளித்துவைத்தார்கள். அணியே இல்லாத ஊரில், அந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டு வருடக்கணக்காக வாசித்தார்கள். 1996-இல் ரேவன்ஸ் என்ற புது அமெரிக்கக் கால்பந்து அணி ஊருக்கு வந்தபோது அதே குழுதான் அதற்கும் வாசித்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கோல்ட்ஸ் போன இரண்டரை மாதத்தில், ஜூன் மாதம், பிளாஸ்ட் அணி செயின்ட் லூயிஸ் ஸ்டீமர்ஸை 4-1 என்ற கணக்கில் தொடரில் வென்று கோப்பையைத் தூக்கியது. மந்திரவாதி என்று பட்டப்பெயர் வாங்கிய ஸ்டான் ஸ்டாமென்கோவிச் ஆடிய வருடம் அது. சொந்த அணியைத் திருட்டுக் கொடுத்த ஊருக்கு அந்தக் கோப்பை எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் 1992-இல் லீக் மூடிவிட்டது. ஊர் விடவில்லை. மைக்ரோபுரோஸ் என்ற கணினி விளையாட்டுக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் ஸ்டீலி, பால்டிமோர் ஸ்பிரிட் என்ற புது அணியை வேறொரு லீக்கில் இறக்கினார். 1998-இல் எட் ஹேல் அதை வாங்கி பிளாஸ்ட் என்ற பழைய பெயரையே திரும்ப வைத்தார். 2003-இல் தொடங்கி ஒன்பது கோப்பைகள், அதில் 2016, 2017, 2018 அடுத்தடுத்து மூன்று. 1984-ஐயும் சேர்த்தால் பத்து. 2017-இல் அணி நகர அரங்கத்தை விட்டு டவ்சன் பல்கலைக்கழக அரங்கத்துக்குப் போனது. அணி வாழ்கிறது, எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நகரத்துக்குள் பஸ் ஏறி ஆட்டம் பார்த்த குழந்தைக்கு அது தூரம்.

நகர மன்ற உறுப்பினர் அவர்களே, நான் கேட்க வந்தது இதுதான். டிசம்பர் முதல் மார்ச் வரை நம் தெருப் பிள்ளைகளுக்குப் பந்து உதைக்க இடமில்லை. போன குளிர்காலத்தில் ஒரு பள்ளியின் உள்ளரங்கத்தை மாலையில் இரண்டு மணி நேரம் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். காப்பீடு இல்லை, காவலுக்கு ஆள் இல்லை என்றார்கள். விளக்கு எரிகிறது, ஹீட்டர் ஓடுகிறது, கதவு மட்டும் பூட்டு. பதினோரு பிள்ளைகள் கையில் பந்தோடு வாசலில் நின்றதைப் பார்த்தேன். சுவர் ஊர் முழுக்க இருக்கிறது ஐயா. சித்திரம் எழுத வந்த பிள்ளைகளைத்தான் வெளியே நிறுத்தியிருக்கிறோம். காப்பீட்டுச் செலவை நகரம் ஏற்றுக்கொள்ளட்டும். காவலுக்கு எங்கள் பெற்றோர் முறைபோட்டு உட்காருகிறோம். வாரத்தில் மூன்று நாள், ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை, பள்ளி உள்ளரங்கங்களைத் திறந்துவிடுங்கள்.

மனு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போகும் முன் கையெழுத்துப் போடுங்கள், பக்கத்தில் உங்கள் பிள்ளையின் வயதையும் எழுதுங்கள். உறுப்பினர் அவர்கள் கிளம்புவதற்குள் அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். நன்றி, வணக்கம்.